டயலாக் இன் த டார்க்: கொங்கு மண்டல நிர்வாகவியல் மாணவர்களுக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டுப் பேர் டிக்கெட் வாங்கி, செல்போனையும் கைக்கடிகாரத்தையும் லாக்கரில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு வெள்ளைக் கோலுடன் துளி வெளிச்சமும் இல்லாத அறைக்குள் நுழைகிறார்கள். உள்ளே ஒரு குரல் வரவேற்கிறது. அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் குரலுக்குரியவர்தான் பூங்கா, தெரு, சந்தை, படகு என்று அமைக்கப்பட்ட அறைகள் வழியே அவர்களைக் கூட்டிப்போகிறார். கடைசி அறை ஒரு சிற்றுண்டிக் கடை. அங்கும் இருட்டுதான். ஏதாவது குடித்துக்கொண்டே அவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் பார்வையற்றவர்.

'டயலாக் இன் த டார்க்' என்ற சமூகத் தொழில்முனைவு விற்பது இதைத்தான். பார்வையின்மை எப்படி இருக்கும் என்று உணரவைக்கும் நிறுவனம் என்றே வகுப்புகளில் இதை அறிமுகப்படுத்துகிறார்கள். அங்கேயே மாணவர்கள் தடம் மாறிவிடுகிறார்கள். இருட்டை யாரும் உண்டாக்கலாம். ஒரு கறுப்புத் துணி போதும். அந்த இருட்டில் தடுமாறாமல் எட்டுப் பேரைப் பத்திரமாக நடத்திப்போகும் ஆள்தான் இந்தத் தொழிலின் மூலதனம். அவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருட்காட்சித் திடலில் போடும் பேய் வீடு. கீழே வரும் கணக்கு, அறை அமைப்பு, மதிப்பீடு எல்லாம் இந்த ஒரு புள்ளியில் இருந்து தொடங்குபவை.

நிறுவனம் வளர்ந்த விதம்

நிறுவனர் ஆண்ட்ரியாஸ் ஹைனெக்கே, ஜெர்மானியர். 1980களின் நடுவில் வானொலி நிலையம் ஒன்றில் வேலை பார்த்தபோது, பார்வை இழந்த இளம் பத்திரிகையாளர் ஒருவருக்குத் தொழில் பழக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. இரக்கத்தோடு போனவருக்கு, அந்த இளைஞரின் திறமையைப் பார்த்ததும் தன் முன்முடிவு எவ்வளவு தவறு என்று புரிந்தது. 1988-ல் பிராங்க்பர்ட்டில் முதல் கண்காட்சி. பிறகு பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போகும் தற்காலிகக் கண்காட்சிகள். 2000-ல் ஹாம்பர்க்கின் பழைய கிடங்குப் பகுதியில் நிரந்தரக் கூடம். 2004-ல் இஸ்ரேலின் ஹோலோன் சிறுவர் அருங்காட்சியகத்தில் ஒன்று, 2005-ல் மிலான் நகரத்துப் பார்வையற்றோர் நிறுவனத்தில் ஒன்று. அதே 2005-ல் ஹைனெக்கே, சமூகத் தொழில்முனைவோரை ஆதரிக்கும் அசோகா அமைப்பின் ஃபெல்லோவாகத் தேர்வானார். 2008-ல் உரிமம் தருவதையும் பயிற்சியையும் கவனிக்க 'டயலாக் சோஷியல் எண்டர்பிரைஸ்' என்ற நிறுவனம் ஹாம்பர்க்கில் உருவானது. 2011-ல் ஹைதராபாத் இன்ஆர்பிட் மாலில் இந்தியக் கூடம் தொடங்கியது. கூடவே இருட்டிலேயே சாப்பிடும் உணவகமும். இன்றுவரை முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்தக் கண்காட்சி நடந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது, ஹாம்பர்க் நிறுவனம் எல்லா ஊரிலும் தானே போய்க் கடை திறக்கவில்லை என்பது. உள்ளூர்க்காரர் முதலீடு போடுகிறார், உள்ளூர்ப் பார்வையற்றவர்களை வேலைக்கு எடுக்கிறார்; அறை அமைப்பும் பயிற்சி முறையும் உரிமமாக வருகின்றன. ஹோலோனில் இடம் கொடுத்தது ஓர் அருங்காட்சியகம். மிலானில் கொடுத்தது பார்வையற்றோருக்காக ஏற்கெனவே இயங்கிவந்த பழைய நிறுவனம். மாலில் மாத வாடகை கட்டும் கூடத்துக்கும் இவற்றுக்கும் செலவுக் கணக்கு அடியோடு வேறு. வணிக மாதிரி ஒன்று என்றாலும் இடத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஆயுள் இருக்கிறது.

கண்ணைக் கட்டிவிட்டால் என்ன ஆகும்

கல்லூரிகளில் இதைப் பார்த்து எளிதாகச் செய்ய நினைப்பது ஒன்று உண்டு. உலகப் பார்வை நாளன்று மாணவர்கள் கண்ணில் துணி கட்டி வளாகத்தைச் சுற்றிவரச் செய்வார்கள். நோக்கம் நல்லதுதான். விளைவு நேர்மாறாகப் போகலாம் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. ஏரியல் சில்வர்மன், அவரும் பார்வையற்றவர், கொலராடோ பல்கலைக்கழகச் சகாக்களுடன் 2015-ல் வெளியிட்ட சோதனைகளில், கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்து பார்த்தவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிடப் பார்வையற்றவர்களைத் திறன் குறைந்தவர்களாக மதிப்பிட்டார்கள். வேலை பார்க்கவும் தனியாக வாழவும் அவர்களால் முடியாது என்ற எண்ணம் கூடியிருந்தது. 2017-ல் மிஷெல் நாரியோ-ரெட்மண்ட் குழு நடத்திய ஆய்விலும் இதே சாயல்: பங்கேற்றவர்களுக்குக் குழப்பமும் கையாலாகாத உணர்வும் கூடின, இரக்கம் கூடியது, மாற்றுத்திறனாளிகளுடன் பழகுவது பற்றிய மனப்பான்மை மேம்படவில்லை.

காரணம் சிக்கலானது இல்லை. கண்ணைக் கட்டிய பத்தாவது நிமிடத்தில் ஒருவருக்குக் கிடைப்பது, பார்வை போன முதல் நாளின் திகைப்பு. பத்து வருடம் கோல் பிடித்து நடந்து, உக்கடம் பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று ஓசையிலேயே தெரிந்துகொண்டவரின் பழக்கம் அதில் துளியும் கிடைக்காது. முட்டி மோதி வெளியே வந்தவர், 'எனக்கே இப்படி என்றால் அவர்கள் பாவம்' என்று முடிவுகட்டிவிடுகிறார். பார்வையற்ற வழிகாட்டி இந்தக் கணக்கைத்தான் மாற்றுகிறார். தான் தடுமாறும் அதே இடத்தில் இன்னொருவர் சர்வசாதாரணமாக நடமாடுவதைக் கண்டவருக்கு, தடுமாற்றத்தின் காரணம் பழக்கமின்மை என்பது தானே விளங்கிவிடும்.

கணக்கு

கோவை அவினாசி ரோட்டில் 3,000 சதுர அடியில் இப்படியொரு கூடம் வைத்தால் என்ன ஆகும்? கீழே வரும் தொகைகள் வகுப்புப் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை. மாணவர்கள் விசாரித்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

கூடம் 8 மணி நேரம் திறந்திருக்கிறது. சுற்று 60 நிமிடம். 15 நிமிடத்துக்கு ஒரு குழு உள்ளே போகிறது, கடைசிக் குழு நுழைய 7 மணி நேர எல்லை. ஆக 28 குழு, குழுவுக்கு 8 பேர், அதிகபட்சம் 224 பேர். ஒரு வழிகாட்டிக்குச் சுற்று 60 நிமிடம், ஓய்வு 15 நிமிடம் என்றால் எந்த நேரத்திலும் 5 பேர் சுழற்சியில் இருக்க வேண்டும். எட்டுக் குரல்களைக் காதால் கண்காணிப்பது மூளையைப் பிழியும் வேலை. நாளுக்கு 4 சுற்றுக்கு மேல் ஒருவரிடம் கேட்கக் கூடாது. 28-ஐ 4-ஆல் வகுத்தால் 7 வழிகாட்டிகள்.

டிக்கெட் 200 ரூபாய், இருக்கைகள் சராசரியாக 35 சதவீதம் நிரம்புகின்றன என்று வைப்போம். நாளுக்கு 78 பேர், மாதம் 26 நாளுக்கு வரவு 4,05,600 ரூபாய். செலவு: வழிகாட்டிகள் 7 பேருக்கு 18,000 வீதம் 1,26,000, கவுன்டர், பராமரிப்பு ஆட்கள் 4 பேருக்கு 15,000 வீதம் 60,000, வாடகை சதுர அடிக்கு 70 வீதம் 2,10,000, மின்சாரம் 45,000, பழுது, துப்புரவு 20,000, உரிமமும் விளம்பரமும் 30,000. மொத்தம் 4,91,000. மாத நட்டம் 85,400.

இந்த இடத்தில் வகுப்பில் வழக்கமாக எழும் மூன்று யோசனைகளும் ஆராயத் தக்கவை. முதலாவது, குழுவை 12 பேராக்குவது. எட்டுப் பேரின் குரலையும் பெயரையும் வழிகாட்டி முதல் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். பன்னிரண்டில் யார் பேசாமல் பின்தங்கினார் என்பது தெரியாமல் போகும். பாதுகாப்பு அறுந்துபோகிற இடம் அது. அதோடு, கூடம் காலியாக இருக்கும் நாளில் குழுவைப் பெரிதாக்குவதால் ஒரு டிக்கெட் கூடக் கூடுதலாக விற்காது. இரண்டாவது, வழிகாட்டிக்குப் பதில் ஒலிப்பதிவு. சம்பளம் மிச்சமாகும், தொழிலின் உயிர் போய்விடும். மேலே சொன்ன ஆய்வுகள் எச்சரித்த அதே விளைவை டிக்கெட் போட்டு விற்பதாக ஆகும். இந்த யோசனையைச் சொல்லும் மாணவருக்கு அதே வகுப்பில் பதில் கிடைத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாவது, கூட்டத்தை அதிகப்படுத்துவது. இதில் சரக்கு இருக்கிறது. ஈடுகட்ட நாளுக்கு 95 பேர் வேண்டும். சராசரி 78 என்பதால் 17 பேர்தானே என்று தோன்றும். ஆனால் சராசரிக்குள் ஞாயிறு ஒளிந்திருக்கிறது. மாதத்தில் 4 ஞாயிறும் 90 சதவீதம் நிரம்பினால் 804 பேர் அன்றே வந்துவிடுகிறார்கள். மற்ற 22 நாளுக்குச் சராசரி 56 பேர்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு விளம்பரம் செய்வது வீண். மற்ற நாள்களை 56-ல் இருந்து 76-க்கு ஏற்ற வேண்டும். பள்ளிப் பேருந்து ஒன்றில் 40 பிள்ளைகள் பாதிக் கட்டணத்தில் வந்தால் 4,000 ரூபாய். முழுக் கட்டணத்தில் 20 பேருக்குச் சமம். நாளுக்கு ஒரு பேருந்து வந்தால் கணக்கு நேராகிவிடும். நேராகாத மாதங்களும் உண்டு: செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச், ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு, மே முழுவதும் விடுமுறை. பள்ளியை நம்பிய கூடம் வருடத்தில் நாலைந்து மாதம் தள்ளாடும்.

இதனால்தான் நிறுவனங்களுக்கான பயிலரங்கு. இருட்டில் குழுவாகச் செய்யும் பணிகளை வைத்துத் தலைமை, தகவல் தொடர்பு ஆகியவற்றில் பயிற்சி தருவது ஹாம்பர்க் நிறுவனத்தின் வருவாயில் தனிப் பிரிவு. நம் கணக்கில் மாதம் இரண்டு பயிலரங்கு, 60,000 வீதம். தனிச் செலவு 10,000 வீதம் கழித்தால் நிகரம் ஒரு லட்சம். 85,400 நட்டம் 14,600 உபரியாகிறது. சரவணம்பட்டி ஐடி நிறுவனங்கள், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள், கோவை பம்ப், மோட்டார் தொழிற்சாலைகளின் மனிதவளத் துறைகள் என்று வாங்குவோரைத் தேடலாம்.

சட்டத்தில் மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று. பயிலரங்குக் கட்டணத்தை நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியில் காட்டலாம் என்று எழுதுவார்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி தகுதியுள்ள நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்பது சரி. ஆனால் சொந்த ஊழியர்களுக்குப் பயன்படும் செலவு அதில் சேராது. பயிலரங்கு, பயிற்சிச் செலவுக் கணக்கில்தான் போகும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் டிக்கெட்டுக்கு ஒரு நிறுவனம் பணம் கொடுப்பது வேறு கதை. அந்தப் பணத்தை வாங்கவும் கூடத்தை நடத்துபவர் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுள்ள பிரிவு 8 கம்பெனியாகவோ (லாப நோக்கமற்ற கம்பெனி), அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ இருந்து, சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்து, மூன்றாண்டு பணி வரலாறும் காட்ட வேண்டும். தொடங்கிய முதல் வருடமே சிஎஸ்ஆர் வரும் என்று எழுதிய திட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வகுப்பறையில் செய்து பார்க்க

இப்படியொரு கூடத்துக்குக் கூட்டிப்போக எல்லாக் கல்லூரிக்கும் வசதிப்படாது. 30 அடிக்கு 20 அடி கருத்தரங்க அறை ஒன்று இருந்தால் சிறு வடிவத்தில் செய்யலாம். முதலில் உறுதிசெய்ய வேண்டியது இரண்டு பார்வையற்ற வழிகாட்டிகளை. அறை அப்புறம். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்துப் பல்கலைக்கழகப் பிரிவிலும், அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வித் துறைகள் உண்டு; நடமாட்டப் பயிற்சி தெரிந்த ஆசிரியர்களை அங்கே கேட்கலாம். பார்வையற்றவர் என்ற ஒரே காரணத்தால் எல்லோரும் வழிகாட்டி ஆகிவிட முடியாது. கொஞ்சம் பார்வை உள்ளவர், பகலில் அந்தப் பார்வையை வைத்தே நடந்து பழகியிருப்பார். முழு இருட்டில் அவரும் நம்மைப் போலத் திணறலாம். குரல் தெளிவு, நிதானம், ஆட்களை அதட்டாமல் அடக்கும் பக்குவம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அறை அமைப்பை முடித்த பின் அவர்கள் குறைந்தது மூன்று முறை தனியாகவும், ஒரு முறை ஒத்திகைக் குழுவோடும் நடந்து பார்க்க வேண்டும். அதன்பின் ஒரு நாற்காலியைக்கூட அவர்களிடம் சொல்லாமல் நகர்த்தக் கூடாது.

கௌரவ விரிவுரையாளருக்குக் கல்லூரி என்ன தொகை தருகிறதோ அதையே வழிகாட்டிக்கும் தர வேண்டும், போக்குவரத்துச் செலவு தனி. பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்து அனுப்புவது ஊதியம் ஆகாது. சமூகத் தொழில்முனைவைப் பாடமாக நடத்தும் துறை இதில் தவறினால், நடத்தும் பாடத்துக்கே மரியாதை போய்விடும்.

இருட்டு என்பது லேசில் கிடைக்காது. கண்ணின் கூம்பு செல்கள் இருட்டுக்குப் பழக 10 நிமிடம்வரை ஆகும். கோல் செல்கள் முழு உணர்திறனை எட்ட 20 முதல் 30 நிமிடம். ஏற்பாட்டாளர் இரண்டு நிமிடம் நின்று பார்த்து 'நல்ல இருட்டு' என்று சொல்லிவிட்டுப் போன அறையில், இருபதாவது நிமிடம் மாணவர்களுக்குச் சுவர் விளிம்பு தெரிய ஆரம்பித்துவிடும். ஒருவர் அரை நிமிடம் முன்னாலேயே நடப்பார், மற்றவர்கள் அவர் பின்னால் போவார்கள், வழிகாட்டிக்கு வேலையில்லாமல் போகும். எனவே சோதிக்கிறவர் விளக்கை அணைத்து முழுதாக அரை மணி நேரம் உள்ளே உட்கார வேண்டும். அப்போதுதான் குற்றவாளிகள் தெரிவார்கள்: ஏசி-யின் வெப்பநிலை எண், வைஃபை ரூட்டர், புரொஜக்டரின் சிவப்புப் பொட்டு, சுவிட்ச் போர்டின் இண்டிகேட்டர், கதவடி இடுக்கு, ஜன்னல் கீல். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சிறு விளக்குகளுக்குப் போதும். ஜன்னலுக்குச் சாதாரணக் கறுப்புக் காடா போதாது. டார்ச்சைப் பின்னால் பிடித்தால் நெசவுக் கண் வழியே வெளிச்சம் கசியும். ரப்பர் பூசிய திரைத் துணி வேண்டும், அல்லது காடாவை மூன்று மடிப்பாகப் போட வேண்டும். வாசலில் ஒற்றைத் திரை போட்டால் ஆள் நுழையும்போதெல்லாம் வெளிச்சம் அடிக்கும். ஐந்தடி இடைவெளியில் இரண்டு திரை, நடுவில் ஒரு திருப்பம். முதல் திரை மூடிய பின்பே இரண்டாவது திறக்கும்.

பாதை 4 அடி அகலம். இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு முழு நீளத்துக்கும். மேசை மூலைகளுக்கும், தலை உயரத்தில் நீட்டியிருக்கும் எதற்கும் பஞ்சுப் பட்டை. படி வேண்டாம், குறிப்பாகக் கீழிறங்கும் ஒற்றைப் படி கூடவே கூடாது, கணுக்கால் பிசகுவது அதில்தான். மின்விசிறியை நிறுத்துங்கள்: காற்றின் இரைச்சல் குரல் வரும் திசையைக் குழப்பிவிடும். ஆகவே ஏசி அறையாக இருந்தால் நல்லது. ஊதுபத்தி, கற்பூரம், மெழுகுவத்தி எதுவும் உள்ளே போகக் கூடாது. திரைத் துணி அவ்வளவும் தீனி. கட்டடத்தின் அவசரகால வெளியேறும் பலகையை மூடக் கூடாது என்பதால், அந்தப் பலகை இல்லாத, இரண்டு கதவுள்ள அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெயின் சுவிட்ச் அருகே ஒருவர் எந்நேரமும் நிற்பார். வழிகாட்டி 'விளக்கு' என்று சொன்னால் கேள்வி கேட்காமல் போடுவார்.

உள்ளே என்ன வைப்பது

ஐரோப்பியக் கூடத்தின் பூங்காவையும் படகையும் இங்கே நகலெடுக்கத் தேவையில்லை. நம் பக்கத்துச் சந்தை ஒன்றே போதும். ஈரோட்டு விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் தனித்தனி முறத்தில். பொள்ளாச்சி இளநீரும் தேங்காயும். பவானி ஜமுக்காளம் ஒன்று, கரூர் போர்வை ஒன்று. திருப்பூர் பனியன் துணி இரண்டு எடையில். நீளமான மஞ்சளையும் உருண்டையையும் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) துணியையும் 180-ஐயும் பிரிக்கச் சொன்னால் பின்னலாடைப் படிப்பு மாணவரே தயங்குவார். வழிகாட்டி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணி ஓரத்தை உருட்டிப் பார்த்துச் சொல்லும்போது, தரச் சோதனையில் கண்ணுக்கு எவ்வளவு பங்கு, கைக்கு எவ்வளவு என்ற கேள்வி தானாக எழும். தெரு அறைக்கு டவுன்பஸ் இரைச்சல், ஹாரன், பெட்டிக்கடைப் பாட்டு. அடுத்த அறைக்குச் சோமனூர் விசைத்தறிச் சத்தம். தறி ஓசையை முழு அளவில் வைக்காதீர்கள். வழிகாட்டியின் குரல் அமுங்கினால் குழு சிதறிவிடும்.

கடைசியாக ஒரு டீக்கடை. இங்கே காசு கொடுத்துத்தான் டீ. ரூபாய் நோட்டைத் தடவி அடையாளம் காணும் வேலை ஒரு பாடத்துக்குச் சமம். புதிய வரிசையில் 100 ரூபாய் நோட்டு 142 மில்லிமீட்டர் நீளம், 200 என்றால் 146, 500 என்றால் 150. அகலம் மூன்றுக்கும் 66. நாலு மில்லிமீட்டர் வித்தியாசம்தான். 100-ல் மேடாக அச்சிட்ட முக்கோணமும் ஓரத்தில் நான்கு கோடுகளும், 500-ல் வட்டமும் ஐந்து கோடுகளும் இருக்கும். சலவை நோட்டில் விரலுக்குத் தட்டும் மேடு, சந்தையில் ஆறு மாதம் புரண்ட நோட்டில் தேய்ந்துபோயிருக்கும். இரண்டு வகையையும் வைத்தால்தான் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று மாணவருக்குப் பிடிபடும். பல பார்வையற்றவர்கள் நோட்டுகளை வெவ்வேறு விதமாக மடித்து வைப்பதும், நோட்டின் மதிப்பைச் சொல்லும், ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்ட 'மணி' செயலியைப் பயன்படுத்துவதும் இந்த இடத்தில் பேச்சில் வரும்.

பிசகும் இடங்கள்

அதிகம் நேர்வது, கோல் பக்கத்தில் இருப்பவர் கணுக்காலில் அடிப்பது. கோலின் நுனி முழங்காலுக்கு மேல் போகக் கூடாது, தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக இடம் வலமாகத் தட்டிவர வேண்டும் என்பதை வெளிச்சத்திலேயே ஐந்து நிமிடம் பழக்குங்கள். தோராயமாக நெஞ்செலும்பு உயரம் இருந்தால் கோல் சரியான அளவு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம். உள்ளே பயனில்லை, உடைந்தால் ஆபத்து. உயரக் குதிகால் செருப்பு வேண்டாம். அடைத்த இடத்தில் பயம், வலிப்பு, தலைச்சுற்றல் உள்ளவர்களை முன்கூட்டியே தனியாகக் கேட்டறியுங்கள். நடுவில் வெளியே வர நினைப்பவர் 'நான் போகணும்' என்று சொன்னால் போதும், காரணம் கேட்கக் கூடாது என்பது எல்லோர் காதிலும் விழும்படி முதலிலேயே அறிவிக்கப்பட வேண்டும்.

இருட்டில் தொடுதல் பற்றி மென்று விழுங்காமல் பேசியாக வேண்டும். தொடுவதாக இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டு, தோள் அல்லது முன்கை மட்டும்; மீறினால் சுற்று அங்கேயே நிற்கும், விளக்கு எரியும். மாணவிகள் விரும்பினால் தனிக் குழுவும், பெண் வழிகாட்டியும் இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் தொடங்கினால் ஒரு புகாரோடு மொத்த முயற்சியும் முடிந்துவிடும்; முடிய வேண்டியதும்தான்.

கிண்டலும் கூச்சலும் முதல் ஐந்து நிமிடம் இருக்கும். பயத்தை மறைக்கும் வழி அது. அனுபவமுள்ள வழிகாட்டி அதட்ட மாட்டார். 'ஏனுங்க, சித்தே எல்லாரும் அப்படியே நில்லுங்க. வலது கையில என்ன தட்டுப்படுதுன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க பார்க்கலாம்' என்று ஒரு வேலை கொடுப்பார். கை வேலை செய்ய ஆரம்பித்ததும் வாய் அடங்கும். உள்ளே நுழையும்போது 'சார்' என்று ஒதுங்கிப் பேசியவர்கள் டீக்கடைக்கு வரும்போது 'அண்ணா, இங்க உட்காரலாமா' என்று கேட்பதைக் கவனித்து எழுதிவைக்கலாம். கருத்துப் படிவத்தைவிட நம்பகமான தரவு அது.

இன்னொரு பிசகு பாடத்திலேயே இருக்கிறது. பார்வையற்றவர் என்றால் முழு இருட்டு என்ற நினைப்பு. பெரும்பாலானோருக்கு ஏதோ ஓரளவு ஒளியுணர்வோ பார்வையோ இருக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, கண்ணாடி போட்ட பிறகும் சிறந்த கண்ணில் 3/60-க்குக் குறைவு அல்லது பார்வைப் புலம் 10 பாகைக்குக் குறைவு என்றால் பார்வையின்மை என்றுதான் வரையறுக்கிறது. 3/60 என்றால் மற்றவர் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை 3 மீட்டரில்தான் படிக்க முடியும். 10 பாகை எப்படி இருக்கும் என்று காட்ட, கண்ணாடி ஃபிரேமில் கறுப்பு அட்டை ஒட்டி, கண்மணிக்கு நேரே இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் துளை போடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் சுமார் 35 சென்டிமீட்டர் வட்டம் மட்டும் தெரிந்தால் அளவு சரி. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் ஒரு பேருந்துப் பலகைப் படத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும், நடக்க மட்டும் முடியாது. கோல் வைத்திருப்பவர் செல்போன் பார்ப்பதைக் கண்டு 'நடிக்கிறார்' என்று சொல்லும் ஊர் வாய்க்கு இந்த மூன்று மில்லிமீட்டர் துளை நல்ல பதில்.

பேச்சும் மதிப்பீடும்

இருட்டுக்குள் 45 நிமிடம் என்றால், வெளியே வழிகாட்டியோடு உட்கார்ந்து பேச அதற்குக் குறையாத நேரம் ஒதுக்க வேண்டும். நேரம் போதவில்லை என்றால் இருட்டைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள். நடுவில் மங்கலான அறையில் ஐந்து நிமிடம்; பழகிய கண்ணில் சட்டென்று வெளிச்சம் பட்டால் கூசும். பேச்சு 'எப்படி உணர்ந்தீர்கள்' என்று தொடங்கினால் கண்ணீரில் போய் முடியும். 'இன்று அவர் செய்த வேலையைப் பட்டியலிடுங்கள்' என்று தொடங்குங்கள்: குரலைப் பிரித்தறிதல், இடத்தை மனப்பாடமாக வைத்திருத்தல், நேரக் கட்டுப்பாடு, பயந்தவரைத் தேற்றுதல். அது ஒரு மேற்பார்வையாளரின் தகுதிப் பட்டியல் என்பது மாணவர்களுக்கே தெரிந்துவிடும்.

விளைவை அளக்க, நிகழ்ச்சிக்கு முன்பும் பின்பும் மூன்று மாதம் கழித்தும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: கீழே உள்ள இருபது பணிகளில் பார்வையற்ற ஒருவர் எவற்றைச் செய்ய முடியும்? எண்ணிக்கை குறைந்திருந்தால் நிகழ்ச்சி தீங்கு செய்திருக்கிறது. எத்தனை பேர் நெகிழ்ந்தாலும் அந்த முடிவு மாறாது.

ஆய்வின் கடினமான கேள்வி வழிகாட்டிகளைப் பற்றியது. கூடத்தில் ஏழு பேருக்கு வேலை கிடைக்கிறது. பத்து வருடம் கழித்தும் அதே ஏழு பேர் அதே இருட்டில் இருந்தால், வெளிச்சத்தில் உள்ள வேலைச் சந்தை அவர்களுக்குத் திறக்கவில்லை என்று பொருள். இரண்டு மூன்று வருடத்தில் அவர்கள் வேறு வேலைக்குப் போனால் சமூக நோக்கம் நிறைவேறுகிறது. புதியவர்களைப் பழக்கும் செலவு ஏறுகிறது. இந்த இழுபறியைக் கணக்கில் எப்படிக் காட்டுவது? பயிற்சிச் செலவைத் தனித் தலைப்பில் எழுதி, வேறு வேலைக்குப் போன வழிகாட்டிகளின் எண்ணிக்கையை நிறுவனத்தின் விளைபொருளாக அறிக்கையில் சேர்த்த விடைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

களப்பணிக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு தொழிற்கூடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்: பெருந்துறை சிப்காட்டிலோ திருப்பூரிலோ கோவையிலோ. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களை அதில் குறிப்பிட வேண்டும் என்று 2017 மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகள் சொல்கின்றன. அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படித்து, பார்வையற்ற ஒருவர் செய்யக்கூடிய ஐந்து பணிகளை எழுத வேண்டும். ஐந்தும் பேக்கிங்காக இருந்தால் திருப்பி எழுதச் சொல்லுங்கள். வாங்குபவரோடு தொலைபேசியில் பேரம், கணக்கு, ஆள் தேர்வு, மென்பொருள் சோதனை ஆகியவற்றை, கணினித் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரை வாசிப்பான் உதவியோடு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

அறிக்கையை முதலில் படித்துக் கருத்து சொல்பவர் வழிகாட்டியாக இருக்கட்டும், அதற்கும் தனி ஊதியம் கொடுத்து. ஆகவே கோப்பு யூனிகோடு தமிழில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் என்விடிஏ என்ற திரை வாசிப்பான் அதை ஆங்கில எழுத்துகளின் குவியலாக வாசிக்கும். தாளில் எழுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் வெறும் மௌனம்தான். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் போடாமல் வேர்டில் தலைப்புப் பாணியாகக் குறியுங்கள். அப்போதுதான் ஒரு விசையைத் தட்டி அடுத்த பகுதிக்குத் தாவ முடியும். அட்டவணையில் கட்டங்களை இணைக்க வேண்டாம். வரைபடம் இருந்தால், அது என்ன சொல்கிறது என்பதை அதன் கீழே இரண்டு வரியில் எழுதுங்கள். அனுப்பும் முன் கணினித் திரையை அணைத்துவிட்டு, என்விடிஏ-வை இயக்கி, அறிக்கையை முதலில் இருந்து கடைசிவரை ஒரு முறை காதால் கேட்டுப் பாருங்கள்.